ஒரு குழந்தை ஷூ அளவு ஓட்டை

எங்கள் ஏரிக்குக் கால்வாயே கிடையாது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் காது சூடாகிவிடும். போன மாதம்கூட ஒருவர் சொன்னார். படித்தவர், தன்மையானவர், எங்கள் பக்கம் மனை வாங்க வந்தவர். போனில் அந்த இடத்தை வானத்திலிருந்து எடுத்த படத்தைக் காட்டி, "பாருங்க மேடம், சுத்தி வெறும் வேலிக்காத்தான், ஒரு வாய்க்கால்கூட இல்ல" என்றார். நான் என் போனை எடுத்தேன். வெள்ளைக்காரன் காலத்து நில அளவைப் படங்களை யாரோ புண்ணியவான்கள் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்; இன்றைய படத்தின்மேல் அன்றைய தாளைப் போர்த்தி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். தள்ளினேன். முள்ளுக்காடு விலகியது, சுவர்கள் கரைந்தன, மலையிலிருந்து நீலமாக ஒரு கோடு இறங்கி வந்து ஏரியில் வாய் வைத்தது. அவர் "ஓ" என்றார். எனக்கு அந்த ஓ போதவில்லை. அந்தக் கோட்டை விரலால் பார்ப்பதற்கு முன்னால் காலால் பார்த்தவள் நான். அதற்காக ஒரு கோடை விடுமுறையில் சண்டை போட்டவள். அதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை நிற்க அவருக்கு நேரமில்லை. உங்களுக்கு இருந்தால் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் ஊர் ஆம்பூரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். மேற்கே மலை, கிழக்கே ஏரி, நடுவே தோல் கம்பெனி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அறிய நாங்கள் மரத்தைப் பார்த்ததில்லை, மூக்கே சொல்லிவிடும். என் அப்பா, நாங்கள் கூப்பிடுவது நைனா, அந்தக் கம்பெனியில் டிரம் ஓட்டுகிறவர். ஆள் உயரத்தைத் தாண்டிய மரப் பீப்பாய்கள் அவை. உள்ளே தோலும் மருந்துத் தண்ணீரும் நாள் முழுக்க உருண்டுகொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் நைனாவுக்குள் ஒரு டிரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றும். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் பாதியில் நிறுத்திவிட்டு, மீதி உனக்கே தெரியும் என்பதுபோலப் பார்ப்பார்.

அவருக்கு நேர் எதிர் அவருடைய தங்கை, என் அத்தை. புருஷன் வீட்டிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தவள். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "புடிக்கல" என்ற ஒரே சொல்லில் பதில் கொடுத்தவள். அதற்கு மேலும் யாராவது நின்றால், "உனுக்கு உன் வீடு புடிச்சிருக்குதா, உண்மைய சொல்லு" என்று திருப்பிக் கேட்பாள். கேட்டவர் போய்விடுவார். ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து தோல் கட்டுகள் வாங்கி வந்து வீட்டில் வைத்தே வெட்டிக் கொடுப்பது அவள் வேலை. ஷூவுக்குள்ளே, பாதத்துக்கு அடியில் ஒட்டும் மெல்லிய தோல். எல்லாம் வெளிநாட்டுக் குழந்தைகள் போடும் ஷூ, உள்ளங்கையில் அடங்கிவிடும். அளவுக்கு வைக்கும் அட்டையின் ஓரம் தேய்ந்துவிட்டால் வெட்டு பிசகும், பிசகினால் சூப்பர்வைசர் கட்டோடு திருப்பி அனுப்புவான். அதனால் அவள் கண் எப்போதும் கிழியாத காகிதத்தையே தேடிக்கொண்டிருக்கும்.

அந்த வருஷம் ஊருக்கு வேறு ஒரு கவலை. தெருக் கிணறுகளின் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்து சில மழைக்காலம் ஆகியிருந்தது. ஏரிக்கரையில் இருந்த ஒரே ஒரு கிணறுதான் இன்னும் குடிக்கும்படி இருந்தது. மலைத் தண்ணீர் எப்படியோ முள்ளுக்காட்டுக்குள் கசிந்து, சுற்றிக்கொண்டு, ஏரிக்கு வந்து சேர்ந்தால்தான் அந்தக் கிணற்றில் ஊற்று. இப்போது கம்பெனி, மலைக்கும் ஏரிக்கும் குறுக்கே நீளமாக ஒரு காம்பவுண்டு சுவர் எழுப்பப் போவதாகச் சொன்னது. சுவர் வந்தால் மலைத் தண்ணீர் அந்தப் பக்கமே நின்றுவிடும். ஏரிக்குக் கம்பெனி கழித்து விடுவதுதான் வரும். ஊர் மனு எழுதியது: அங்கே கால்வாய் இருக்கிறது, அடைக்கக் கூடாது. கம்பெனி சிரித்தது: எங்கே இருக்கிறது, காட்டு. அதுதான் சிக்கல். கால்வாய் உண்டு என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். எங்கே என்று கேட்டால் ஆளுக்கு ஒரு திசையில் கை நீட்டினார்கள். வரும் வெள்ளிக்கிழமை தாலுக்கா ஆபீஸிலிருந்து அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், அன்றைக்குக் காட்டவில்லை என்றால் சுவர்தான் என்று ஆனது.

இந்த நேரத்தில்தான் அத்தை ஆம்பூரில் பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு பெரிய தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். நானும் கூடப் போயிருந்தேன். கடைக்கார பாய் அதை விரித்து உதறிக் காட்டினார். பின்பக்கம் முழுக்கத் துணி ஒட்டியிருந்தது.

"காட்டு இலாகா ஆபீஸ்ல ஒழிச்சுப் போட்டது. வெள்ளக்காரன் சரக்கும்மா. நீ போனாலும் இது கிழியாது."

"நான் எங்கயும் போறதா இல்ல பாய். வெல ஜாஸ்தி சொல்லாம குடு."

வந்த அன்றைக்கே அதன் நடுவில் அட்டையை வைத்து ஒரு வலது காலை வெட்டி எடுத்து, அளவு சரிபார்க்கத் தோல் கட்டோடு ஆம்பூருக்கு அனுப்பிவிட்டாள். மறுநாள் காலை இடது கால். கத்தரிக்கோல் வாயைத் திறந்திருந்தது. நான் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம்தான் எனக்கு இங்கிலீஷ் எழுத்துகள் ஒன்றோடொன்று சேர ஆரம்பித்திருந்தன. சோப்பு உறை, லாரி முதுகு, மருந்து பாட்டில் என்று எதையும் விடமாட்டேன். ஓட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெயர் இருந்தது. வாய் நிறைய வெற்றிலையோடு யாரோ சொல்ல, அதைக் கேட்டு எழுதியதுபோல நசுங்கியிருந்தது. ஆனால் எங்கள் ஊர்தான்.

"அத்த, வெட்டாத. நம்ம ஊரு."

"எது நம்ம ஊரு?"

"நீ வெட்றது."

கத்தரிக்கோல் அப்படியே நின்றது. பிறகு நாங்கள் இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அந்தத் தாளுக்குள் விழுந்தோம். பாறைக் கோயில் இருந்தது, சின்னதாக ஒரு குறி. ஏரி இருந்தது, அவ்வளவு பெரிய நீலமாக; எங்கள் ஏரி ஒரு காலத்தில் அத்தனை கர்வமாகப் படுத்திருந்தது என்று எனக்குத் தெரியாது. கம்பெனி இல்லை. அதைப் பார்த்துதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கம்பெனி இல்லாத ஒரு நாள் இந்தப் பூமியில் இருந்திருக்கிறது. மலை இடுக்கிலிருந்து நீலக் கோடு ஒன்று கிளம்பி, மலையை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடந்து, இறங்கி, ஏரியைப் பார்த்து வந்தது. வந்து, அத்தை வெட்டிய வலது காலின் ஓட்டைக்குள் விழுந்துவிட்டது. ஓட்டையின் மறுபக்கம் மறுபடி எழுந்து ஏரியில் சேர்ந்தது. நடுவில் எங்கே எப்படிப் போனது என்று தெரியாது. சுவர் வரப்போகிற இடம் முழுக்க அந்த ஓட்டைக்குள் இருந்தது.

அத்தை அடுத்த பஸ்ஸிலேயே ஆம்பூருக்குப் போனாள். திரும்பி வந்தவளின் முகத்தில் சூப்பர்வைசருக்காக வைத்திருந்த வசவுகள் இன்னும் மீதி இருந்தன. அவன் அந்த வலது காலை அதற்குள் மர அட்டையில் சொல்யூஷன் தடவி ஒட்டிவிட்டிருந்தான், முகம் கீழே. பிய்த்தால் துணி மட்டும் வந்தது, எங்கள் ஊர் வரவில்லை.

"போவுது வுடு," என்றாள் என்னிடம். "காகிதத்துல இல்லைனா தரையில இருக்கும். தரைய எவன் வெட்டிட்டுப் போவான்."

மே மாத லீவு. மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் கிளம்பினோம். தாளில் நீலக் கோட்டுக்கு அருகிலேயே பழுப்பாக நிறைய கோடுகள் மலையைச் சுற்றி வளைந்து வளைந்து போயின. அவையெல்லாம் பாதை என்று நான் சொன்னேன். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் தொங்கும் படத்தில் ரோடுகள் அப்படித்தான் இருந்தன. பாறைக் கோயிலுக்குச் சற்றுக் கீழே போகும் ஒரு பழுப்புப் பாதையைப் பிடித்தால் அது நீலக் கோடு கிளம்பும் இடுக்குக்கே கொண்டுபோய் விடும் என்று விரலால் காட்டினேன். அத்தை என் விரலை நம்பினாள். என்னை இவ்வளவு முழுசாக நம்பியவர்கள் அதற்குப் பிறகு கம்மி.

கோயிலிலிருந்து நடந்தோம். பாதை எதுவும் இல்லை, ஆட்டுத் தடம் மட்டும் இருந்தது. தாளில் கோடு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அதனால் நாங்களும் ஏறவில்லை, இறங்கவில்லை. ஒரு பாறை வந்தால் சுற்றிப் போய் மறுபடி அதே உயரத்துக்கு வந்தோம். மலை வயிற்றில் ஒரு அரைஞாண் கயிறுபோல நாங்கள் இருவரும் போய்க்கொண்டே இருந்தோம். முள், வெயில், கீழே கம்பெனிப் புகைபோக்கி, நகரவே நகராமல்.

"இன்னாடி ரோடு இது. மேலயும் போவல, ஊருக்கும் போவல. வெள்ளக்காரன் இன்னா காத்து வாங்கவா இத போட்டான்?"

"படத்துல அப்பிடித்தான் இருக்குது."

"படத்துல இருக்கற மாதிரி நட. வாழ்க்கையில நான் அப்பிடி நடக்காததாலதான் இங்க வந்து நிக்கறேன்."

முள் குத்தி அத்தை ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தாள். முள்ளைப் பிடுங்கிய கை அப்படியே கல்லைத் தடவியது. கல்லில் உளி விழுந்த தடம் வரிசை வரிசையாக இருந்தது. அவள் எழுந்து புல்லை விலக்கினாள். பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. எதிர் வரிசையிலும் அதேபோல. நடுவில் மண் மூடிய பள்ளம், சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்க அந்தப் பள்ளத்தில் மட்டும் புல் கொஞ்சம் பச்சையாக இருந்தது. அத்தை நாங்கள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள், போகும் வழியைப் பார்த்தாள்.

"ரோடு இல்லடி இது," என்றாள் கடைசியில். "ஏறவும் மாட்டேங்குது, சடார்னு எறங்கவும் மாட்டேங்குது. இப்பிடி யாரு நடப்பா? தண்ணிதான் நடக்கும்."

பழுப்புக் கோடுகள் ஒரே உயரத்தைக் காட்டுகிறவை, யாரும் நடக்கிற பாதை அல்ல என்று நான் படித்தது பல வருஷம் கழித்து. என் தப்பான பாதையில் நடந்ததால்தான் தண்ணீரின் பாதையில் கால் வைத்தோம். கால்வாய் வெட்டியவர்களும் மலையோரம் அந்த உயரத்தை விடாமல்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த மத்தியானம் எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் சொன்ன வழி சரி என்பது மட்டும் தெரிந்தது. கல் வரிசையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினோம். மலையடிவாரம் வரைக்கும் கற்கள் ஒன்றிரண்டு தவறினாலும் கூடவே வந்தன. அதற்குப் பிறகு தரை மாறியது. கம்பெனி கழித்துக் கொட்டிய சுண்ணாம்பும் மயிரும் தோல் சீவலும் மேடு தட்டி, அதன்மேல் வேலிக்காத்தான் வளர்ந்து, பெரிய மைதானம்போல் கிடந்தது. கல் வரிசை அந்த மேட்டின் விளிம்பில் தலையை நுழைத்துக்கொண்டு காணாமல் போனது. வலது காலின் ஓட்டை ஆரம்பிக்கிற இடம்.

அன்று சாயங்காலம் நைனாவிடம் சொன்னோம். நான்தான் மூச்சு வாங்க முதலில் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அங்க ஒண்ணும் இல்ல," என்றார்.

"கல்லு பாத்தோம் நைனா."

"மலையில கல்லு இல்லாம இட்லியா இருக்கும்?"

அத்தை தாளை அவர் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தாள். அவர் அதைப் பார்த்தார். ஓட்டையைத்தான் பார்த்தார், அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிறகு தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். அம்மா அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "நம்ம வீட்ல ஒல கொதிக்கறது அந்தக் கம்பெனியாலதான். நாத்தனாரும் பொண்ணும் அத மறந்துட்டு மலையேறுங்க" என்றாள். அம்மா சொன்னதில் பொய் எதுவும் இல்லை, அதனால்தான் அத்தைக்கு அவ்வளவு கோபம் வந்தது. அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. நான் நடுவில் ஓடினேன். உங்க அத்தைய வெள்ளிக்கிழம வூட்லயே இருக்கச் சொல்லு. உங்க நைனாவ அவரு வேலய பாத்துக்கச் சொல்லு. நான் யார் கட்சி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சத்தமாகச் சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு வாராந்திர லீவு. டிரம்கள் நின்றிருந்ததால் ஊரே ஒருமாதிரி செவிடாகிப்போய் இருந்தது. அதிகாரி குடையோடு ஜீப்பில் வந்தார். கம்பெனி மேனேஜர் அவருக்கு இளநீர் வெட்டி வைத்திருந்தார். ஊர்க்காரர்கள் வந்தார்கள், எங்கள் தெருப் பெண்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வந்தார்கள். அத்தை தாளை நீட்டினாள். அதிகாரி அதை வெயிலில் தூக்கிப் பிடித்தார். ஓட்டை வழியாக அத்தையைப் பார்த்தார்.

"இது இன்னாம்மா, எலி கடிச்சிதா?"

சிரித்தார்கள். அத்தையும் அவர்களோடு சிரித்துவிட்டு, சிரிப்பு அடங்கியதும், "ஷூ கடிச்சிது சார். ரெண்டு பக்கமும் கோடு இருக்குது பாருங்க. நடுவுல மட்டும் தண்ணி இன்னா பறந்தா போச்சு?" என்றாள்.

அவர் கெட்டவர் இல்லை. தாளை மடித்துக் கொடுத்துவிட்டுப் பொறுமையாகத்தான் சொன்னார். "இது காட்டு இலாகா மேப்பும்மா. எங்க ரெக்கார்டுல அந்த கால்வா இல்ல. மலை மேல கல்லு இருக்கலாம், அத வெச்சு நான் இங்க எழுத முடியாது. இந்த எடத்துல, இந்த தரையில, கட்டுமானம் எதனா இருந்தா காட்டுங்க. எழுதறேன். மத்தியானம் எனக்கு வேற ஊரு இருக்குது."

தோண்ட ஆரம்பித்தார்கள். பத்துக் கல்யாணத்துக்குப் பந்தல் போடலாம், அவ்வளவு பெரிய மேடு அது. எங்கே என்று தோண்டுவது? கல் வரிசை நுழைந்த இடத்தில் தோண்டினால் ஆள் ஆழத்துக்கு வெறும் கழிவு. நேராக ஏரியைப் பார்த்துப் போயிருக்கும் என்று ஒருத்தி சொன்னாள், புளியமரத்தைச் சுற்றிப் போயிருக்கும் என்று இன்னொருத்தி சொன்னாள். குழி குழியாக வெட்டினார்கள். வெட்டிய இடமெல்லாம் பழைய மயிர் கற்றை கற்றையாக வந்தது. செத்துப் பல வருஷமான மாடுகள் எங்களை முறைத்தன. வெயில் ஏறியது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அத்தையின் ரவிக்கை முதுகு முழுக்க நனைந்து, முகம் எங்கள் வீட்டு மண் பானைபோல் கறுத்துவிட்டது. அவள் நிமிராமல் வெட்டிக்கொண்டே இருந்தாள். நான் ஓட்டைத் தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குழிக்குக் குழி ஓடினேன்.

மேனேஜர் ஆள் அனுப்பியிருக்க வேண்டும். நைனா சைக்கிளில் வந்தார், லீவு நாள் சட்டையோடு. எல்லோருக்கும் கேட்கும்படி மேனேஜர் சொன்னார்: "இன்னாயா, உன் தங்கச்சிய நீயே கூட்டினு போயிடு. நாங்க சொன்னா மரியாதையா இருக்காது."

நைனா சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்தார். சில நாள் கழித்து அண்ணன் தங்கையிடம் நேராகப் பேசினார்.

"வூட்டுக்கு வா."

"வரமாட்டேன்."

"வா சொல்றேன்."

"நீ உன் டிரம்மப் பாத்துக்கோண்ணா. இது நாங்க குடிக்கற தண்ணி."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையை ஓங்குவார் என்று நினைத்தேன். ஓங்கினால் நடுவில் பாய்வதற்குத் தயாராக இருந்தேன். அவர் ஓங்கவில்லை. அத்தையைத் தாண்டி நடந்தார். குழிகளையெல்லாம் தாண்டி, யாரும் கை நீட்டாத ஒரு மூலையில், இரண்டு முள்செடிகளுக்கு நடுவில் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீ வூட்டுக்கு வர்ற வரைக்கும் நான் இந்த எடத்த வுட்டு நகர மாட்டேன்," என்றார்.

மேனேஜருக்கு அது பிடித்துப் போனது. "அப்பிடி நில்லுயா. தோண்ட வுடாத," என்றார்.

ஓடிப்போய் நைனாவின் இடுப்பைப் பிடித்துத் தள்ளினேன். "தள்ளு நைனா, எங்கள தோண்ட வுடு" என்று கத்தினேன். டிரம் ஓட்டுகிற உடம்பு. மரத்தைத் தள்ளுவதுபோல் இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாக அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுகிற பார்வையும் இல்லை, கெஞ்சுகிற பார்வையும் இல்லை. பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. அத்தை வெட்டுவதை நிறுத்தியிருந்தாள். அவளும் பார்த்தாள். ஒரு சுருட்டு புகைத்து முடிக்கிற நேரம் அவர்கள் அப்படியே நின்றார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவு நேரம் இருந்திருக்காது.

பிறகு அத்தை கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக அவரிடம் நடந்து வந்தாள்.

"நகர மாட்டியா?"

"மாட்டேன்."

"நகராத," என்று சொல்லிவிட்டு, அவர் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே கடப்பாரையைக் குத்தினாள்.

மேனேஜர் என்னமோ கத்தினார். தெருப் பெண்கள் எல்லோரும் ஓடி வந்து நைனாவைச் சுற்றி நின்றுகொண்டார்கள். நான் அவர் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், அத்தையை உதைத்துவிடக் கூடாது என்று. அவர் உதைக்கவில்லை. மண் குழைந்து சரியச் சரிய, ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்தார்; அதற்கு மேல் விலகவில்லை. சுண்ணாம்பு வந்தது, மயிர் வந்தது, சீவல் வந்தது. பிறகு கடப்பாரை வேறு மாதிரி சத்தம் போட்டது. கல். மண்வெட்டியால் சுரண்டினார்கள். ஆள் இடுப்பு உயரத்துக்கு இரண்டு கற்கள் எதிரெதிராக நின்றன, ஒவ்வொன்றிலும் பலகை இறக்குவதற்கு மேலிருந்து கீழ்வரை வெட்டிய பள்ளம். மதகு. மழைக்காலத்தில் பலகையைத் தூக்கி ஏரிக்குத் தண்ணீர் விட்ட வாசல். அதன் அடியில் கை வைத்த ஒருத்தி கையை எடுத்துக் காட்டினாள். ஈரம்.

அதிகாரி குடையை மடக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். பள்ளத்தில் விரலை விட்டு மேலும் கீழும் ஓட்டினார். மேனேஜரைத் திரும்பிப் பார்க்காமலேயே எழுத ஆரம்பித்தார்.

சுவர் வந்தது. ஆனால் மதகுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இடம் விட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வளைந்து போனது. அந்த மழைக்கு மலைத் தண்ணீர் கால்வாய் வழியாகவே ஏரிக்கு வந்தது. தெருக் கிணறுகள் தேறவில்லை. ஏரிக்கரைக் கிணறு தேறியது. இவ்வளவுதான் நாங்கள் ஜெயித்தது. இதைக் கொஞ்சம் என்று சொல்கிறவர்கள் டீ நிறத் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

அன்றைக்குச் சாயங்காலம் அத்தை நைனாவுக்குக் கால் கழுவ வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். எனக்குத் தாங்கவில்லை. "அவரு நம்மள தடுத்தாரு, அவருக்குப் போய் வெந்நி வெக்கிற" என்றேன். அத்தை சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. "ஆமாண்டி. நல்லா தடுத்தாரு," என்றாள். நான் கோபித்துக்கொண்டு அம்மா பக்கம் போய் உட்கார்ந்தேன். அம்மா சிரிக்கவில்லை. அடுத்த வாரமே நைனாவை டிரம்மிலிருந்து எடுத்துச் சுண்ணாம்புக் குழியில் போட்டார்கள். கம்பெனியிலேயே கேவலமான வேலை அது. கை கால் வெளுத்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிடும். சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை, தங்கையைத் தடுக்கத் தெரியவில்லை, அதற்குத் தண்டனை என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன். மேனேஜர் அதற்குள் வேறு கணக்குப் போட்டிருந்தார்.

கல்யாணத்துக்கு முன்னால் நைனா கம்பெனி டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார் என்பதும், அந்தக் கால்வாயில் முதல் லோடு கழிவைக் கொட்டியதே அவர் ஓட்டிய டிராக்டர்தான் என்பதும், மதகைக் கடைசியாகப் பார்த்த கண்கள் அவருடையவை என்பதும் எனக்குத் தெரிய வந்தபோது நான் கல்யாணமாகி வேலூருக்குப் போய்விட்டிருந்தேன். அத்தைதான் சொன்னாள், எதையோ பேசிக்கொண்டிருந்தபோது, நடுவில். ஊர் நடுவே வாயைத் திறந்து இங்கேதான் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும், எங்கள் உலையும். அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னார்.

அந்தக் கோடை முழுக்க நான் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நைனா சுவர்மாதிரி நின்றதையும், நாங்கள் அந்தச் சுவரை எப்படி ஜெயித்தோம் என்பதையும் நடித்தே காட்டுவேன். கையைக் கட்டிக்கொண்டு, மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு, நகர மாட்டேன் என்பேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள். நைனா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, வெடித்த விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்பார். ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை. ஒருநாள் மட்டும் அத்தையைக் கூப்பிட்டு, "நல்லா நடிக்கிறா பாரு, கொஞ்சம் இன்னும் வெறப்பா நிக்கச் சொல்லு," என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் இன்னும் விறைப்பாக நின்றுகொண்டு, தோற்றவர் எதற்கு இவ்வளவு சந்தோஷமாகச் சிரிக்கிறார் என்று யோசித்தேன்.